கண்ணாடியில் உறைந்த கடல்

காணுதல் என்பது விழியளவில் முடிவதன்று என்பதைக் கூரத்து மண் அறியும். கண்ணிரண்டையும் இழந்த கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. விழியிழந்தோர்க்குக் கண்ணாடி விழிகள் செய்து பிழைத்து, பின்னர்க் கடலுயிர்களைக் கூர்ந்து காண்பதையே தவமாகக் கொண்ட லியோபோல்ட் பிளாஷ்காவின் வாழ்வு இம்மண்ணில் நினைக்கத்தக்கது.

இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான பொஹீமியாவில் 1822-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கண்ணாடித் தொழில் அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கி அணிகலன்களும் செயற்கை விழிகளும் செய்தார். 1850-இல் வாந்திபேதி அவருடைய மனைவியைக் கொண்டுபோயிற்று. இரண்டாண்டுகளில் தந்தையும் மறைந்தார். துயரம் தாளாத லியோபோல்ட் 1853-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே காற்று ஓய்ந்தது. பாய்மரக் கப்பல் இரண்டு வாரம் அசையாது நின்றது. இரவில் இருண்ட நீரில் சொறிமீன்கள் ஒளிர்ந்தன. கண்ணாடியைப் போலவே ஊடுருவித் தெரியும் அவ்வுடல்களை அவர் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார். துயரைத் தணிக்கப் புறப்பட்டவருக்குக் கடல் ஒரு பணியை அளித்தது எனலாம்.

எனினும் அப்பணி தொடங்கப் பத்தாண்டுகள் ஆயின. ஊர் திரும்பி மறுமணம் செய்துகொண்டார். 1857-இல் மகன் ருடோல்ஃப் பிறந்தார். ஓய்வு வேளைகளில் லியோபோல்ட் கண்ணாடியில் மலர்கள் செய்தார். அவற்றின் நுட்பம் 1863-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை எட்டியது. கடற்சாமந்திகளைச் செய்து தருமாறு அதன் தலைவர் ரைக்கன்பாக் கேட்டுக்கொண்டார். மெல்லுடல் கொண்ட கடலுயிர்களைச் சாராயத்தில் இட்டு வைத்தால் நிறம் வெளுத்து, வடிவம் சுருங்கிவிடும். கண்ணாடியோ இரண்டையும் காத்தது.

1876 முதல் ருடோல்ஃபும் உடனிருந்து உழைத்தார். கோர்வைத் தறியின் இருபுறமும் தந்தையும் மகனும் அமர்வதைக் கண்ட காஞ்சி நெசவாளர்க்கு அந்தக் கூட்டுழைப்பு விளங்கும். தொடக்கத்தில் நூற்படங்களைப் பார்த்துச் செய்தவர்கள், பின்னர் உயிருள்ளவற்றையே வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து நோக்கினர். சொறிமீன், கணவாய், கடல் அட்டை என ஏறத்தாழப் பத்தாயிரம் உருவங்கள் அவர்கள் கையில் பிறந்து உலகின் பல அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றன.

1890-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கென மட்டும் உழைக்க உடன்பட்டனர். கடல் நின்றது; தாவரங்கள் தொடர்ந்தன. மறைவான கருவி ஏதோ இருப்பதாகப் பலர் ஐயுற்றனர். கைத்திறன் தலைமுறைதோறும் வளர்வது, அதனைத் தவிர வேறு மறைபொருள் இல்லை என்பதே லியோபோல்டின் கருத்து.

1895-இல் அவர் காலமானார். ருடோல்ஃப் தனித்து நின்று 1936 வரை பணியைத் தொடர்ந்தார். 780 தாவர வகைகளைக் காட்டும் 4,300-க்கும் மேற்பட்ட உருவங்கள் அவ்வகையில் நிறைவுற்றன. 1939-இல் அவரும் மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை; தொழில் கற்ற மாணவரும் இல்லை. தலைமுறைகள் சேர்த்த திறன் அத்துடன் நின்றது. உடையும் கண்ணாடி இன்றும் அருங்காட்சியகங்களில் நிலைத்திருக்கிறது. அதனை உருவாக்கிய கைவழக்கம்தான் அறுந்துபோயிற்று. தறியையும் தமிழையும் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க வேண்டியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வாழ்வு இது.