சந்துகளில் நடந்த தாவரவியலார்

தாவரவியல் முதுகலை மாணவனுக்கு நகரமைப்பில் என்ன வேலை என்று சங்க நண்பர்கள் கேட்கக்கூடும். நகரமைப்பு அறிஞருள் முன்னோடி என்று உலகம் போற்றும் பாட்ரிக் கெட்டிஸ் முப்பது ஆண்டுக்கு மேல் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

அவர் 1854 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பல்லட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து, ஒரு வாரத்திலேயே வெளியேறிவிட்டார். பிறகு லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். தேர்வெழுதிப் பட்டம் பெறவே இல்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தேர்வு மண்டபத்திலிருந்து எழுந்துவிட வேண்டாம்! ஹக்ஸ்லி போன்ற ஆசிரியர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.)

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிக்கோ சென்றவருக்குக் கண் பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டது. ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் கண் பதிக்க இயலாது போயிற்று. எங்கள் துறையில் அதன் பொருள் என்ன என்பதைத் துறை மாணவர் அறிவர். வாழ்க்கையே முடிந்தது போல. அவருக்கோ அப்படி ஆகவில்லை. சிறியதைக் காணும் கண் தளர்ந்தபின் பெரியதைக் காணத் தொடங்கினார். செடியை அதன் மண்ணோடும் நீரோடும் சேர்த்துப் பார்ப்பவர், மனிதனை அவன் தெருவோடு சேர்த்துப் பார்த்தார்.

1886இல் அன்னா மார்ட்டனை மணந்தார். வசதியான பகுதியில் வீடு பார்க்காமல், எடின்பரோவின் பழைய நகரத்தில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்தில் இருவரும் குடியேறினர். சுவருக்கு வெள்ளை பூசினர். சன்னலில் பூச்செடி வைத்தனர். அண்டை வீட்டாரையும் கூட்டிக்கொண்டனர். 1887இல் மாணவர்க்கு ஒரு விடுதியும் திறந்தார். அதை ஆண்டவர் மாணவரே. நம் விடுதி உணவுக் குழுவினர் கவனிக்க!

இந்தியாவுக்கு அவரை அழைத்தவர் சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு. 1914இல் கெட்டிஸ் புறப்பட்டார். பல ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், செப்டம்பர் 22ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன்தான். இன்றும் சூரனைக் கண்டால் 'அவன் எம்டன்' என்கிறோமே, அந்தப் பெயரின் மூலம். நண்பர்கள் சீமையில் மறுபடி படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

பிறகு ஊர் ஊராகச் சென்றார். மேசையில் வரைபடத்தை விரித்து நேர்கோடு இழுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. படத்தைக் கையில் பிடித்துச் சந்து சந்தாக நடப்பார். எந்த வீடு பாழடைந்தது, எங்கே மரம் நிற்கிறது, எந்த முற்றத்தில் துளசி மாடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். தஞ்சை, மதுரை நகரங்களைப் பற்றி 1915இல் அறிக்கை எழுதினார். தேரோடும் வீதிகளை அவர் பெரிதும் மதித்தார். தேர் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகவே தெரு அகலமாய் நின்றது. அகன்ற தெருவில் காற்றும் வந்தது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கச் சொன்னவர்களிடம், மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், கொசுப் புழுவை அவை தின்னும் என்றார்.

நெரிசலான பகுதியை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதுதான் அன்றைய பொறியாளர் கண்ட வழி. இடிபட்டவர் எங்கே போவார் என்பது கெட்டிஸின் கேள்வி. அடுத்த சந்துக்குப் போவார். அங்கே நெரிசல் இருமடங்காகும். ஆகவே, ஆளில்லாத பாழ் வீட்டை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் மரம் நட்டுத் திறந்த வெளியாக்கி, மற்ற வீடுகளைப் பழுது பார்க்கச் சொன்னார். உறுப்பை வெட்டாமல் உயிரைக் காக்கும் அறுவை மருத்துவம் போன்றது அது. செலவும் குறைவு.

இதைப் படிக்கும்போது எனக்கு மனம் அமைதியாயில்லை. நான் பிறந்து வளர்ந்தது மும்பைத் தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். எங்கள் சந்தில் அண்மையில் கதவுதோறும் எண் எழுதிப் போனார்கள். புது வீடு வருமென்று தந்தையார் மகிழ்கிறார். எங்கே வரும் என்று அம்மா கேட்கிறாள். மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நடந்தவன் நான். இருப்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லமாட்டேன். அம்மாவின் கேள்விக்கு விடை மட்டும் வேண்டும்.

1917 கெட்டிஸுக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். இந்தியாவில் அன்னா நோயுற்றுக் கிடந்தார். மகன் இறந்த செய்தியைச் சொல்லாமல், அவனுடைய பழைய கடிதங்களையே அவருக்குப் படித்துக் காட்டினார் கணவர். சில வாரங்களில் அன்னாவும் மறைந்தார்.

அந்தத் துயரத்தோடுதான் இந்தூர் வேலை நடந்தது. ஊரில் பிளேக். மக்கள் அவரை ஐயத்தோடு பார்த்தனர். வீட்டை இடிக்க வந்தவன் என்று எண்ணினர். அவர் ஒரு நாளைக்கு மட்டும் ஊர் அதிகாரத்தைக் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெரு மிகத் தூய்மையாக இருக்கிறதோ அந்த வழியே போகும் என்று பறையறைவித்தார். பிறகு கேட்பானேன்! வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கரக்கனும் பெரிய எலியும் வந்தன. துப்புரவுத் தொழிலாளர் புத்தாடை உடுத்து, மாலை சூடி, பெருமையோடு நடந்தனர். யாரை ஊர் தீண்டாது ஒதுக்கியதோ அவருக்கு மாலை! இறுதியில் அரக்கனையும் எலியையும் எரித்தனர். பிளேக் ஒழிந்தது என்று சொல்வார்கள். பருவ மாற்றமும் காரணமாயிருக்கலாம் என்பது அறிவியல் மாணவனாகிய என் கருத்து. ஆனால் தெரு தூய்மையானது பருவத்தால் அன்று. 1918இல் இந்தூர் அறிக்கை இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். மறு ஆண்டு ஜகதீஸ் சந்திர போஸின் வாழ்க்கையை நூலாக எழுதினார். குறை இல்லாதவர் அல்லர். தாடிக்குள் முணுமுணுத்து மணிக்கணக்கில் பேசுவார். தொடங்கிய ஒன்றை முடிக்குமுன் இன்னொன்றுக்குத் தாவுவார். அவருடைய திட்டங்கள் பல ஏட்டிலேயே நின்றன.

உடல்நலம் குன்றி, 1924இல் பம்பாயை விட்டுத் தென் பிரான்சில் மான்ட்பெலியே நகருக்குப் போனார். அங்கே கல் நிறைந்த மேட்டு நிலத்தில் மாணவர்க்கு இல்லமும் தோட்டமும் அமைத்தார். 1932இல் ஸர் பட்டம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.