மேகத்தைச் சிமிழில் அடைத்த மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மேக அறையின் படத்தைத் தேர்வுக்காக வரைந்து பழகாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. ஆனால் அக்கருவி ஒரு மலையுச்சியில் கருக்கொண்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சி. டி. ஆர். வில்சன் 1869-இல் ஸ்காட்லாந்தில், ஆட்டுப்பண்ணை நடத்திய ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். கல்கத்தாவில் வாணிபம் செய்த மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் அனுப்பிய பணம்தான் அவரைப் படிக்க வைத்தது. (எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் அண்ணன் உழைப்பில்தான் வருகிறது. ஆகவே இச்செய்தியைப் படித்ததும் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன்.)

பிரிட்டனிலேயே உயர்ந்த மலை பென் நெவிஸ். உயரம் 1345 மீட்டர். அதன் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை நிலையம் இயங்கியது. குளிர்காலத்தில் பனி கட்டடத்தையே மூடிவிடும். அப்போது கோபுரத்தில் அமைத்த கதவு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அப்படியும் மணிக்கொரு முறை கருவிகளைப் பார்த்துக் குறித்தாக வேண்டும்!

1894 செப்டம்பரில் இரண்டு வாரம் அங்கே தற்காலிகப் பணிக்குச் சென்றார் வில்சன். முதுகுப்புறம் கதிரவன், காலடியில் மேகக்கடல், அதன்மேல் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள்! இக்காட்சியை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க வேண்டும் என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது.

மறு ஆண்டு ஜூனில் பக்கத்துச் சிகரமான கார்ன் மோர் டியர்க்கில் நின்றபோது, திடீரென அவர் தலைமயிர் குத்திட்டு எழுந்தது. இடிமேகத்தின் மின்சாரம்! உயிர் பிழைக்க ஓடி இறங்கினார். ஆனால் அந்த மின்சாரம் அவர் சிந்தையை விட்டு இறங்கவேயில்லை.

கேம்பிரிட்ஜில் ஈரக்காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துத் திடீரென விரியச் செய்தார். காற்று குளிர்ந்து மூடுபனி தோன்றியது. தூசி இருந்தால்தான் நீர்த்துளி உருவாகும் என்பது அன்றைய கருத்து. தூசியே இல்லாத காற்றிலும், விரிவு ஓரளவைத் தாண்டினால் துளிகள் தோன்றின. அயனிகளே அவற்றுக்கு வித்து என்று கண்டார். கலங்களைத் தாமே ஊதிச் செய்தார். உடைந்தால் மீண்டும் ஊதுவார். அந்தப் பொறுமையை என்னவென்பது! ஒரு குழாய் உடைந்தாலே நமக்கு அன்றைய சோதனை முடிந்துவிடுகிறது.

1911-இல் ஆல்ஃபா, பீட்டா துகள்கள் சென்ற தடங்களைப் படம் பிடித்தார். 1927-இல் காம்ப்டனுடன் நோபல் பரிசு பெற்றார். முதுமையிலும் மலை நடையை விடவில்லை. இடிமேக மின்சாரம் பற்றிய அவரது கட்டுரை 1956-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 87. மூன்றாண்டு கழித்து, பிறந்த பண்ணைக்கு அருகே, அதே பென்ட்லாண்ட் குன்றுகளின் ஓரத்துச் சிற்றூரான கார்லாப்ஸில் காலமானார்.