பறவை மனிதர் சலீம் அலி

எனக்குப் பிடித்த அறிஞரைப் பற்றி எழுதுகிறேன்.

சலீம் அலி 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயசுலயே அப்பா, அம்மா இறந்துட்டாங்க. மாமா அமிருதீன்தான் வளர்த்தார். சிறுவயதில் அவர் சுட்ட ஒரு குருவிக்குத் தொண்டை மஞ்சளாக இருந்தது. என்ன குருவின்னு வீட்டில் யாருக்கும் தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டு போனார். அங்கே மில்லார்டு என்பவர் விளக்கம் சொல்லி, பாடம் செய்து வைத்த பறவைகளையும் காட்டினார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பார்த்த வேலையும் போனது. சோர்ந்து போகாமல் 1930-ல் கிஹிம் கடற்கரையில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் குடிவரும். பிறகு ஆண் அடுத்த கூடு கட்டப் போயிரும். இதையெல்லாம் விளக்கமாக எழுதினார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. 1976-ல் பத்மவிபூஷண் பெற்றார். 1987 ஜூன் 20-ல் காலமானார்.

நம்ம தேவதானத்துப் பக்கமும் தூக்கணாங்குருவி உண்டு. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரிய பறவை பாடுவதைக் கேட்டு மூளையில் பதிய வைக்கும். நாம மழலை பேசின மாதிரி முதலில் உளறும், பிறகுதான் திருத்திக்கொள்ளும். கேட்க ஆள் இல்லைன்னா பாட்டு ஒழுங்கா வராது.

உண்டிவில்லோடு திரியும் அண்ணன் தம்பிகளே! ஒரு குருவியை அடித்தால், குஞ்சுக்குப் பாட்டு வாத்தியாரும் இல்லாமப் போயிரும். அடிக்காதீங்க, நின்னு கேளுங்க.