சுபேதார் ராம்ஜி சக்பால்

1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் திரிசரணம் ஏற்ற பாபாசாகேபை அறியாதார் நம்முள் இலர். அவரைக் கையைப் பிடித்து எழுத்தறிவித்த முதல் ஆசிரியரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவர் பாபாசாகேபின் தந்தையார் சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால்.

கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே என்னும் சிற்றூர் அவர்தம் முன்னோர் ஊராகும். தந்தை மாலோஜியும் படைவீரரே. மனைவி பீமாபாயின் பிறந்தகமும் படைக் குடும்பமே. ஊர்ப் பள்ளியின் கதவு மகார் மக்களுக்குத் தாழிடப்பட்டிருந்த அக்காலத்தில், படைவீரர்க்கும் அவர்தம் மக்களுக்கும் கல்வி கட்டாயமாயிருந்தது. அதனால் பயனுற்ற ராம்ஜி, புனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் படைப்பள்ளியின் தலைமையாசிரியராய்ப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். மௌ என்னும் படைநகரில் அவர் இருந்தபோதுதான், 1891 ஏப்ரல் 14-ல் பதினான்காம் மகவாகப் பீம்ராவ் பிறந்தார்.

பின்னர் மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசினர் நிறுத்தினர். தலைமுறைகளாய் உயிர் கொடுத்தோருக்கு இதுவோ கைம்மாறு! ராம்ஜி வாளாவிருந்தாரல்லர், ரானடே அவர்களின் துணைகொண்டு விண்ணப்பம் எழுதுவித்து அரசுக்கு அனுப்பினார்.

ஓய்வுக்குப் பின் சதாராவில் வாழ்ந்தபோது பீமாபாய் காலமானார். தாயிழந்த பிள்ளைகளை அத்தை மீராபாய் வளர்த்தார். ராம்ஜி கோரேகாவில் காசாளராய் இருந்தார். 1901-ல் தந்தையைக் காணப் பிள்ளைகள் புகைவண்டியேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் வருவதைத் தெரிவித்த கடிதத்தை ஏவலாள் சேர்ப்பிக்க மறந்தமையால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவர்தம் சாதியறிந்த வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி பெற்ற ஒருவன் தான் நடந்துவர, வண்டியைச் சிறுவரே ஓட்டினர். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீரும் கிட்டவில்லை. மக்கள் வந்து நின்றபின்பே தந்தைக்குச் செய்தி தெரிந்தது. அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

கபீர் நெறியினரான ராம்ஜி மதுவைத் தொடாதவர். வைகறையிலும் மாலையிலும் பிள்ளைகளை அமர்த்திப் பாரதமும் இராமாயணமும் படிப்பிப்பார். ஆங்கிலமும் கணக்கும் தாமே கற்பிப்பார். பள்ளித் தேர்வில் மகன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் கூட்ட ஊரார் விழைய, பையனுக்குச் செருக்கு ஏறிவிடுமென்று மறுத்தார். கேளுஸ்கர் என்னும் பெரியார் வற்புறுத்தவே இசைந்தார். அக்கூட்டத்தில் கேளுஸ்கர் பரிசளித்த நூல், தாம் எழுதிய புத்தர் வரலாறு. அதைக் கற்ற சிறுவர், புத்தரைப் பற்றி ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, நம்மை இழிவுபடுத்தும் இதிகாசங்களை ஏன் படிப்பிக்கின்றீர் என்று தந்தையை வினவினார். முதலில் கடிந்துகொண்டவர் பின்னொருநாள் விடையளித்தார்: தீண்டாதார் என்று தள்ளப்பட்ட நமக்குத் தாழ்வுணர்ச்சி எளிதில் வரும், துரோணர், கர்ணன், வால்மீகி போன்றோர் எளிய நிலையினின்று உயர்ந்ததைக் கண்டால் அது அகலும் என்பது அவர் கருத்து. மகனுக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை. நமக்கும் அளிப்பதற்கில்லை. ஆயினும் மகனைத் தலைநிமிரச் செய்யவே அந்நூல்களைத் தேடியவரைக் குறைகூற மனம் வருமோ?

பம்பாய்ப் பரேலில் குடும்பம் முழுதுக்கும் ஓரறையே. மகனை முன்னிரவில் உறங்கவைத்துத் தாம் விழித்திருப்பார்; இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவிட்டுத் தாம் படுப்பார். மகன் நூலொன்று கேட்டால், மணமான இளைய மகளிடம் கடன் கேட்பார். அங்குப் பணமில்லையேல் மூத்த மகளின் நகையை வாங்கி அடகுவைத்து, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1913 சனவரியில் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பரோடா அரசில் பீம்ராவ் பணியேற்றார். சின்னாட்களில் தந்தை நோயுற்ற தந்தி வந்தது. வழியில் சூரத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கியவர் வண்டியைத் தவறவிட்டு மறுநாளே வந்து சேர்ந்தார். மகனைத் தேடிக்கொண்டிருந்த கண்கள் அவரைக் கண்டன, கை அவர் முதுகை வருடியது, பின் தளர்ந்தது. அது பிப்ரவரி 2.

பத்தாண்டுகள் கழித்து, 1923-ல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆராய்ச்சி நூலைப் பாபாசாகேப் இலண்டனில் வெளியிட்டார். தம் கல்விக்காகத் தாய் தந்தையர் செய்த தியாகத்துக்கு நன்றியாக, அவர்கள் நினைவுக்கே அதைக் காணிக்கையாக்கினார்.