இடது ஓரத்தில் லில்லி பார்

53,000 பேர். ஒரு பெண்கள் கால்பந்து மேட்ச் பார்க்க வந்த கூட்டம் இது. எந்த வருஷம்னு நினைக்கிறீங்க? 2019? 2023? இல்லீங்க, 1920. டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கிளப்புக்குச் சொந்தமான குடிசன் பார்க் மைதானம். உள்ளே இடம் கிடைக்காமல் இன்னும் பல ஆயிரம் பேர் வெளியே நின்றார்கள். அந்த டீமின் முன்வரிசையில், இடது ஓரத்தில் ஆடும் பெண்ணுக்கு வயசு 15. நம்ம ஊர்க் கணக்குல பத்தாங்கிளாஸ்.

பெயர் லில்லி பார். (லில்லியைப் பார்க்கச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க, அவங்க குடும்பப் பெயரே பார்தான்.)

1905 ஏப்ரல் 26-ல் லங்காஷயரின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் பிறந்தார். கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அப்பாவும் கண்ணாடி ஆலைத் தொழிலாளிதான். வீட்டில் ஏழு பிள்ளைகள், வாடகை வீடு. தையல், சமையல் பக்கம் போகாமல் சகோதரர்களோடு சேர்ந்து கால்பந்தும் ரக்பியும் ஆடி வளர்ந்தார். அந்த இடது கால் உதை அங்கே வந்ததுதான்.

இனி ஒரு ஃபேக்டரி கதை. பக்கத்து ஊரான பிரெஸ்டனில் டிக், கெர் அண்ட் கோ என்று ஒரு கம்பெனி. டிராம் வண்டி, ரயில் எஞ்சின் செய்தவர்கள். முதல் உலகப் போர் வந்ததும் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் உள்ளே வந்து குண்டு தயாரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து ஆடினார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லேண்டுக்கு ஒரு யோசனை: இதையே டிக்கெட் போட்டு நடத்தி, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினால் என்ன? 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் முதல் மேட்ச். பத்தாயிரம் பேர் வந்தார்கள். டிக், கெர் லேடீஸ் 4-0 என ஜெயித்தது.

(EEE மக்களுக்கு மட்டும் ஒரு தகவல்: இந்த டிக், கெர் பிறகு இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தது. ஆமா, நம்ம பல்லாவரத்துல ஆலை வெச்சிருந்த அதே பெயர்தான்.)

லில்லி முதலில் ஆடியது சொந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸ் டீமுக்கு. அங்கே அவரைப் பார்த்த ஃப்ராங்க்லேண்ட் பிரெஸ்டனுக்கு அழைத்துக்கொண்டார். வயசு 14. சக ஆட்டக்காரி ஒருவர் வீட்டில் தங்கல், மேட்ச் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங். அதோடு வுட்பைன் சிகரெட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார் என்பார்கள். இன்றைக்குப் புரொஃபஷனல் பிளேயர்னு சொன்னா நமக்கு ஏஜென்ட், ஸ்பான்சர், கான்ட்ராக்ட் எல்லாம் ஞாபகம் வரும். லில்லிக்குக் கிடைத்தது இந்தப் பத்து ஷில்லிங்தான். முதல் சீசனிலேயே 43 கோல் போட்டார்.

அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதை இடது ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை தூக்கி அனுப்புவது ஆண்களுக்கே சிரமம். லில்லி அதைச் சாதாரணமாகச் செய்தார். அவர் உதையைத் தடுத்த ஒரு ஆண் கோல்கீப்பரின் கை முறிந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கொஞ்சம் மசாலா கலந்திருக்கலாம். ஆனால் ஒருத்தரைப் பற்றி இப்படி ஒரு கதை கிளம்பணும்னாலே அந்தக் காலில் ஏதோ இருந்திருக்கணும் இல்லையா?

1920 டிசம்பரில் இன்னொரு கூத்து. வேலையில்லாமல் தவித்த முன்னாள் சிப்பாய்களுக்காக ராத்திரி மேட்ச் நடத்த முடிவானது. ஃப்ளட்லைட்டுக்கு எங்கே போறது? போர் விமானங்களைத் தேடப் பயன்பட்ட சர்ச்லைட் இரண்டைக் கேட்டு எழுதினார்கள். போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அனுமதி கொடுத்தார். பழுப்புத் தோல் பந்து இருட்டில் தெரியாது என்பதால் வெள்ளை அடித்தார்கள். 12,000 பேர் வந்து பார்த்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் நான் முதலில் சொன்ன குடிசன் பார்க் மேட்ச். அதில் எதிரணி லில்லியின் பழைய டீம், செயின்ட் ஹெலன்ஸ். 4-0 வெற்றி. வசூல் 3,115 பவுண்டு, அத்தனையும் தர்மத்துக்கு.

சரி, இவ்வளவு கூட்டம், இவ்வளவு பணம், நல்ல காரியம். அடுத்து என்ன நடந்திருக்கணும்? லீக், கோப்பை, சம்பளம்.

நடந்தது வேற. 1921 டிசம்பர் 5-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஒத்துவராத விளையாட்டு, அதை ஊக்குவிக்கக் கூடாது. வசூலில் செலவுக் கணக்கு அதிகம் காட்டுகிறார்கள் என்று ஒரு புகார் வேறு. பெண்கள் ஆடவே கூடாது என்று தடுக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அதனால் தன் உறுப்பினர் கிளப்புகள் பெண்கள் மேட்சுக்கு மைதானம் தரக் கூடாது என்று சொல்லிவிட்டது. எவ்வளவு சுலபம் பாருங்க. மைதானம் போனால் கேலரி போச்சு, கேலரி போனால் டிக்கெட் போச்சு, டிக்கெட் போனால் டீமே போச்சு. அப்போது நாட்டில் சுமார் 150 பெண்கள் டீம்கள் இருந்தன. பெரும்பாலானவை சில வருஷத்தில் காணாமல் போயின. அந்த வருஷம் வேலை மறுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் மேட்ச் ஆடி நிதி திரட்டியது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், காலி மைதானத்தில் ஆடியிருந்தால் யாரும் தடை போட்டிருக்க மாட்டார்கள். அந்த 53,000-தான் உறுத்தியது.

1922-ல் கப்பல் ஏறிக் கனடா போனார்கள். அங்கேயும் ஆட அனுமதி இல்லை. சரி என்று அமெரிக்காவுக்குப் போய், ஆண்கள் டீம்களோடே மோதினார்கள். ஒன்பது மேட்ச்: மூன்று வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி. லில்லிக்கு அப்போது 17 வயசு.

திரும்பி வந்த பிறகு வாழ்க்கைக்கு ஒரு வேலை வேணுமே. பிரெஸ்டன் அருகே விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் நர்ஸ் ஆனார். வார நாட்களில் வார்டு, விடுமுறையில் பந்து. கம்பெனி கைவிட்டதும் டீம் பிரெஸ்டன் லேடீஸ் என்று பெயர் மாறியது. பூங்கா, ரக்பி மைதானம், எங்கே இடம் கொடுத்தார்களோ அங்கே ஆடினார்கள். இப்படி ஒன்றிரண்டு வருஷம் இல்லை. 1951 வரை, முப்பது வருஷத்துக்கு மேல்! ஆட்டத்தை விட்டபோது அவருக்கு வயசு 46.

மொத்தம் எத்தனை கோல்? 900-க்கு மேல் என்கிறார்கள். பீலே போட்ட கோல்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இன்னும் சண்டை நடக்கிறது. லில்லி விஷயத்தில் சண்டை போடக்கூட வழியில்லை. அங்கீகாரமே இல்லாத ஆட்டத்துக்கு ஸ்கோர் ஷீட்டை யார் பத்திரப்படுத்துவார்கள்? எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. மைதானம் இல்லைன்னா வேற மைதானம் தேடிக்கலாம், தேடிக்கிட்டாங்க. எழுதாமல் விட்ட கோலை எங்கே போய்த் தேடுவது?

விட்டிங்ஹாமில் வேலை பார்த்த மேரி என்பவர்தான் அவருடைய வாழ்க்கைத் துணை. இருவரும் கூஸ்னர் என்ற கிராமத்தில் வீடு வாங்கி வாழ்ந்தார்கள். 1967-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்து வந்தார். சங்கத்தின் தடை விலகியது 1970களின் தொடக்கத்தில், கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து. அப்போது லில்லி அறுபதைக் கடந்த, ஓய்வுபெற்ற நர்ஸ். 1978 மே 24-ல் கூஸ்னர் வீட்டில் காலமானார். செயின்ட் ஹெலன்ஸில் அடக்கம்.

2002-ல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 2019-ல் மான்செஸ்டரில் உள்ள அதே அருங்காட்சியகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். உங்க கிளாஸ்ல யாராவது எம்.எஸ். படிக்க அந்தப் பக்கம் போறாங்கன்னா, ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க.