உள்ளூர் பரமேஸ்வர ஐயர்: தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர் மலையாள இலக்கியத்தின் வரலாற்றை எழுதியது எப்படி?

நீங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ, மூணாறு, பீர்மேடு, குமுளி பக்கமோ வசிப்பவர் என்றால் இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல: வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் படிவம் மலையாளம். பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்ப்பது? ஒரு மொழியைப் பிடித்தால் இன்னொன்று கைவிட்டுப் போய்விடுமோ?

இந்தக் கேள்வியோடு வாழ்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு. மலையாளிகளுக்கு அவர் 'மகாகவி உள்ளூர்'. முழுப்பெயர் உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயர். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அரசு அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதினார், ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தார், மலையாள இலக்கியத்துக்கு ஐந்து தொகுதிகளில் வரலாறு எழுதினார்.

கேரளத்துக்கு வெளியே உள்ள தமிழர்கள் பலருக்கு இவரைத் தெரியாது. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

சுருக்கமாக

• பிறப்பு: 6 ஜூன் 1877, சங்கனாச்சேரி அருகே பெருன்னை
• பட்டப்படிப்பு: 1897, திருவனந்தபுரம்
• உமாகேரளம் காவியம்: 1913
• ராமசரிதத்தின் ஒரு பகுதி பதிப்பு: 1917
• மகாகவிப் பட்டம்: 1937
• மறைவு: 15 ஜூன் 1949

'உள்ளூர்' என்பது ஊர்ப்பெயரா?

ஆமாம். திருவனந்தபுரம் நகரில் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் உள்ளூர்தான் அது. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் அங்கே. தந்தை சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர். அவர் வேலை பார்த்த இடம் சங்கனாச்சேரி என்பதால் மகன் பிறந்ததும் அந்தப் பக்கத்தில்.

மகன் படித்துக்கொண்டிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் பகவதி அம்மாளோடு குடும்பம் உள்ளூருக்குத் திரும்பியது. திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்ந்தவர், தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்து 1897-ல் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். வேலை பார்த்துக்கொண்டே சட்டப் பட்டமும், அதன் பிறகு எம்.ஏ. பட்டமும் வாங்கினார்.

அந்த எம்.ஏ.வுக்கு அவர் எடுத்த பாடங்களைக் கவனியுங்கள்: மலையாளமும் தமிழும். சமஸ்கிருதம் ஏற்கெனவே கைவசம் இருந்தது, கல்லூரிப் படிப்பு ஆங்கிலத்தில். ஆக, நான்கு மொழிகளின் நூல்களை நேரடியாகப் படிக்கக்கூடிய ஒருவர் திருவிதாங்கூர் அரசுப் பணிக்குள் போகிறார். தாசில்தார், முன்சீப், திவான் பேஷ்கார் எனப் பதவிகள் உயர்ந்துகொண்டே போயின. அன்றைக்கு தேவிகுளமும் பீர்மேடும் இதே திருவிதாங்கூர் அரசின் கீழ்தான் இருந்தன. பாலக்காடு மட்டும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது.

எதுகைக்காக ஒரு சண்டை

உள்ளூர் எழுத வந்த காலத்தில் மலையாள இலக்கிய உலகம் இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்தது. எதற்காக? 'த்விதீயாக்ஷர பிராசம்' என்ற ஒன்றுக்காக.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பள்ளியில் தமிழ் படித்திருந்தால் உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். பட்டு, கட்டு, தட்டு என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது இல்லையா? நம்முடைய எதுகைதான் அது.

ஒவ்வொரு பாட்டிலும் அது கட்டாயம் வேண்டும் என்றது கேரள வர்மா வலிய கோயித்தம்புரானின் அணி. பொருளைப் பலிகொடுத்து ஓசையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்றது அவருடைய மருமகனும் இலக்கண அறிஞருமான ஏ.ஆர். ராஜராஜ வர்மாவின் அணி. இளம் உள்ளூர் மாமாவின் பக்கம் நின்றார்.

அந்தப் பிடிவாதத்தோடு அவர் எழுதிய பெரிய நூல்தான் 1913-ல் வந்த 'உமாகேரளம்'. 17-ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியின் கதை. 19 சர்க்கங்கள், 2,000-க்கும் மேற்பட்ட செய்யுள்கள். அத்தனையிலும் எதுகை.

அந்தக் காலத்தில் மகாகாவியம் எழுதியவர்தான் மகாகவி என்ற எண்ணம் வலுவாக இருந்தது. வள்ளத்தோள் நாராயண மேனனும் அதே ஆண்டுகளில் 'சித்ரயோகம்' என்ற மகாகாவியத்தை எழுதினார். குமாரன் ஆசான் மகாகாவியமே எழுதவில்லை. ஆனாலும் இன்று மூவரையும் சேர்த்தே நவீன மலையாளக் கவிதையின் மும்மூர்த்திகள் என்கிறார்கள்.

உள்ளூரும் காலப்போக்கில் இளகினார். பிந்தைய படைப்புகளில் கனமான காவிய நடையை விட்டு எளிய திராவிட யாப்புகளுக்கு வந்தார். கவச குண்டலத்தைத் தானம் கொடுக்கும் கர்ணனைப் பற்றி 'கர்ணபூஷணம்', விடிய விடியக் காத்திருந்து மனம் மாறும் கணிகையைப் பற்றி 'பிங்களா' என்று புராணக் கதைகளை எடுத்து மனிதர்களின் மனதுக்குள் போய்ப் பார்த்தார். 'பக்திதீபிகை'யில் சாதியால் ஒதுக்கப்பட்ட சாத்தனை, சங்கரரின் சீடருக்கும் மேலான பக்தனாக நிறுத்தினார். அன்பைப் பற்றி அவர் எழுதிய 'பிரேமசங்கீதம்' கேரளத்தில் இன்றும் பலருக்கு மனப்பாடம்.

ஓலைச்சுவடிக்குள் இருந்த தமிழ்

நம்மைப் பொறுத்தவரை சுவாரசியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

தமிழ்நாட்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த தலைமுறையில் திருவிதாங்கூரிலும் அதே வேலை சூடு பிடித்தது. த. கணபதி சாஸ்திரி பாசனின் சமஸ்கிருத நாடகங்களைக் கண்டெடுத்து 1912 முதல் பதிப்பித்தார். மலையாளச் சுவடிகளில் இறங்கிய முக்கியமானவர்களில் ஒருவர் உள்ளூர்.

அவர் 1917-ல் 'பிராசீன மலையாள மாதிருககள்' என்ற தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். 'பழைய மலையாளத்தின் மாதிரிகள்' என்று பொருள். அதில் இருந்தது 'ராமசரிதம்' என்ற நூலின் முதல் 30 படலங்கள். ராமாயணத்தின் யுத்த காண்டத்தைப் பாடும் இந்த நூலை, கிடைத்துள்ள மிகப் பழைய மலையாளக் காவியமாகச் சொல்வார்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குண்டர்ட் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதன் சுவடியைக் கவனித்திருந்தார். ஆனாலும் அச்சில் ஒரு பகுதியாவது வாசகர் கைக்கு வர உள்ளூர் தேவைப்பட்டார்.

இந்த நூலின் எண்களைக் கொஞ்சம் பாருங்கள். மொத்தம் 164 படலங்கள், 1,814 பாடல்கள். வகுத்தால் ஒரு படலத்துக்கு ஏறக்குறைய 11 பாடல்கள். தேவாரப் பதிகங்களில் பெரும்பாலும் எத்தனை பாட்டு இருக்கும்? பத்து அல்லது பதினொன்று. அதே அச்சு.

எழுத்தும் அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான 'லீலாதிலகம்', 'பாட்டு' என்ற வகைக்கு விதி சொல்கிறது: தமிழ் எழுத்துகளால் மட்டுமே அமைய வேண்டும், எதுகையும் மோனையும் வேண்டும், சமஸ்கிருத விருத்தம் கூடாது. ராமசரிதம் இந்த விதிக்குள் அப்படியே பொருந்துகிறது. இன்று நீங்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தால் பாதிக்குப் பாதி புரியும்.

அப்படியானால் அது தமிழா, மலையாளமா? அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதைப் பேசிவருகிறார்கள். எங்கே எழுதப்பட்டது, யார் எழுதினார் என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. 1195 முதல் 1208 வரை ஆண்ட ஸ்ரீவீரராம வர்மா என்ற தெற்குத் திருவிதாங்கூர் மன்னரே ஆசிரியர் என்பது உள்ளூரின் கருத்து. சுவடி கிடைத்தது வடக்கே நீலேஸ்வரம் பக்கம் என்பதால் நூலும் வடக்கத்தியது என்போரும் உண்டு.

விடை எதுவானாலும் ஒன்று தெளிவு. இந்த மாதிரி நூலைப் படித்து, எங்கே தமிழ் நிற்கிறது, எங்கே மலையாளம் தொடங்குகிறது என்று எடைபோட, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் வேண்டும். வீட்டுத் தமிழும் எம்.ஏ. தமிழும் உள்ளூருக்குக் கைகொடுத்த இடம் இது.

ஐந்து தொகுதி, ஒரு மனிதர்

ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. திருவிதாங்கூர் மன்னர் 1937-ல் மகாகவிப் பட்டம் கொடுத்தார். ஆனால் அவர் வாழ்நாளின் பெரிய வேலை 'கேரள சாகித்ய சரித்திரம்'. மலையாள நூல்கள் மட்டுமல்ல, கேரளத்தவர் சமஸ்கிருதத்தில் எழுதியவையும், சேர நாட்டின் பழந்தமிழ் இலக்கியமும் அதற்குள் வருகின்றன. ஒவ்வொரு ஆசிரியரின் காலம், ஊர், நூல்கள், கிடைக்கும் ஆதாரம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். இன்றைய பேச்சில் சொன்னால், அது ஒரு தனி மனிதர் கையால் உருவாக்கிய டேட்டாபேஸ்.

அச்சில் அதை அவர் பார்க்கவில்லை. 1949 ஜூன் 15-ல் 72 வயதில் இறந்துபோனார். ஐந்து தொகுதிகளும் 1950-களில்தான் வெளிவந்தன.

இன்னொரு கணக்கு: அவர் இறந்த 16-வது நாள், 1949 ஜூலை 1-ல், திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அவர் பணியாற்றிய தனி அரசு அத்தோடு முடிந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் எல்லைப் போராட்டம் வந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. நீங்கள் இன்று கேரளத் தமிழராக இருப்பதற்குக் காரணம் அந்தக் கோடு.

விமர்சனமே இல்லையா?

நிறைய உண்டு. மும்மூர்த்திகளில் ஆசானுக்குக் கருத்தின் ஆழம், வள்ளத்தோளுக்குச் சொல்லின் அழகு, உள்ளூருக்குச் சொல்லின் பகட்டு என்று பிரித்துச் சொல்வது மலையாளத்தில் வழக்கம். அதில் பாராட்டும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது. சமஸ்கிருதச் சொற்கள் கனக்கின்றன, அறிவு முந்திக்கொண்டு உணர்ச்சி பின்னால் வருகிறது என்பார்கள். 'உமாகேரள'த்தைப் பொறுத்தவரை அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. முழுசாகப் படித்து முடிக்கிறவர்கள் இன்று குறைவு. வரலாற்று நூலிலும் அவர் கணித்த சில காலங்களைப் பிந்தைய ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள்.

ஆனால் மறுப்பவர்களும் முதலில் திறப்பது அவருடைய ஐந்து தொகுதிகளைத்தான்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழ் 2004-லும் மலையாளம் 2013-லும் செம்மொழித் தகுதி பெற்றன. எந்த மொழி மூத்தது என்ற சண்டை இணையத்தில் தினமும் நடக்கிறது. பதிற்றுப்பத்து யாருடையது, சிலப்பதிகாரம் யாருடையது என்று கேட்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். உள்ளூர் தன் வேலையில் காட்டிய வழி வேறு. சேரர் பாட்டு கேரள வரலாற்றுக்குள் வந்ததால் தமிழுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவருக்கு வீடு இருந்தது, கல்லூரி இருந்தது, அரசுப் பதவி இருந்தது. இரண்டு மொழியும் சேர்ந்து கிடைத்தது அந்த வசதியால். தேயிலைத் தோட்ட லயத்தில் வளரும் பிள்ளைக்கு அது தானாகக் கிடைக்காது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுத உரிமை தருகிறது. அந்த உரிமையைக் காப்பதும், கூடவே மலையாளத்தை நன்றாகப் படிக்க வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான காரியங்கள் அல்ல.

மலையாளம் படிக்கத் தெரியும் என்றால் 'பிரேமசங்கீத'த்தில் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் படித்துவிடலாம். பிறகு ராமசரிதத்தின் முதல் படலத்தை எடுத்து, உங்கள் வீட்டில் தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எத்தனை சொல் புரிகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.