செஞ்சிக் கோட்டை தேசிங்கு ராஜா



யாராவது ரொம்ப வீராப்பு பேசினால், இவரு பெரிய தேசிங்கு ராஜா என்று நம்ம ஊரில் கிண்டல் செய்வார்கள். அந்த தேசிங்கு ராஜா யார் தெரியுமா? கீழ்பென்னாத்தூரில் செஞ்சி பஸ் ஏறினால் அவர் இருந்த கோட்டைக்கே போய்விடலாம்.

அவருடைய சரியான பெயர் தேஜ் சிங். நம்ம ஜனங்க வாயில் அது தேசிங்கு ஆகிவிட்டது. அவர் ராஜபுத்திரர். 1698-ல் ஔரங்கசீப்பின் படை மராட்டியரிடம் இருந்து செஞ்சியைப் பிடித்தது. பிறகு தேசிங்கின் அப்பா சொரூப் சிங்கிடம் கோட்டையை ஒப்படைத்தார்கள். அப்பா இறந்ததும் மகன் பட்டத்துக்கு வந்தார். ஆனால் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கப்பம் பாக்கியைக் கட்டச் சொன்னார். தேசிங்கு கட்ட மறுத்துவிட்டார்.

1714 அக்டோபர் 3-ம் தேதி போர் நடந்தது. நவாப்பிடம் பெரும்படை, தேசிங்கிடம் கொஞ்சம் பேர்தான். அவருடைய உயிர் நண்பர் மகமத் கான், கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து போருக்கு வந்தார் என்று கதை சொல்கிறது. எதிரி நவாப்பும் முஸ்லிம், கூட நின்று உயிர் கொடுத்த நண்பரும் முஸ்லிம். அதனால் இது மதச் சண்டை இல்லை. இரண்டு பேருமே அன்றைக்கு இறந்துபோனார்கள். அப்போது தேசிங்குக்கு 22 வயசு. ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை.

எங்க பாட்டி ஊர்த் திருவிழாவில் இந்தக் கதையை விடிய விடிய தெருக்கூத்தாக ஆடினார்கள். தேசிங்கு பாராசாரி என்ற முரட்டுக் குதிரையை அடக்குவார். போருக்குப் போகும் முன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்பார். சாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைசியில் வாளை மேலே வீசி, அதைத் தன் மார்பிலேயே வாங்கி விழுவார். வரலாற்றுப் புத்தகத்திலோ துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்று இருக்கிறது. ஆனாலும் வாள் விழும்போது கிழவிகள் எல்லாம் அழுதார்கள். ஜெயித்த நவாப்புக்காக ஒருத்தரும் அழவில்லை!

அடுத்து ராணி தீயில் இறங்கும் கட்டம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் கும்பிடத் தோன்றவில்லை. அவரும் சின்ன வயசுப் பெண்தானே? நண்பர் போருக்கு வந்தது அவர் இஷ்டம். ராணியிடம் உனக்கு என்ன இஷ்டம் என்று யார் கேட்டார்கள்? உடன்கட்டை ஏறும் பழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1829-ல்தான் வந்தது. ராணிக்கு அது 115 வருஷம் லேட். அவர் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். 2019-ல் அது தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்குப் போகிறவர்கள் பாறையில் பெயரைக் கிறுக்காமல் வாருங்கள். ராஜாவின் வீரத்தைப் பேசும்போது ராணியைப் பற்றியும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி